சளி மாத்திரை யாருக்கு?

ஐப்பசியில் அடைமழை பிடித்த நாள்முதல் தை மாதத்துப் பனி விலகும் வரையில், புதுக்கோட்டை மாவட்டத்து மருந்துக் கடைகளில் ஓயாமல் கேட்கும் வாசகம் "சளிக்கு மாத்திரை குடுங்க" என்பதுதான். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் சளி பிடித்தவராக இருப்பதில்லை என்பதை இத்தொழிலில் ஒரு மழைக்காலம் நின்று பார்த்தவர் எவரும் அறிவர். மனைவிக்காகக் கணவரும், அப்பத்தாவுக்காகப் பேரனும், பட்டறை முதலாளிக்காக வேலைப் பையனும், அன்னவாசலுக்கோ ஆலங்குடிக்கோ பஸ் புறப்படுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தோடு வந்து நிற்கிறார்கள். மருந்தை விழுங்கப் போகிற தேகம் எங்கோ ஒரு கிராமத்தில் போர்த்திப் படுத்திருக்கிறது. அதன் வயது என்ன, அதற்கு ரத்தக்கொதிப்பு உண்டா, அது ஏற்கெனவே வேறு என்ன மருந்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் கடைக்குள் நிற்பவருக்குத் தெரியாது. ஆகையால் "யாருக்கு?" என்ற கேள்வியிலிருந்துதான் மருந்தாளுநரின் வேலையே தொடங்குகிறது என்பது, இத்தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட உறுதியான அபிப்பிராயம்.

1980களின் தொடக்கத்தில், பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, கீழராஜ வீதியை அடுத்த ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கடையின் முதலாளி, புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே கம்பவுண்டர் வேலை கற்றவர். 1948இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்ததையும், 1974இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதையும், ஒரே மேஜையின் பின்னால் உட்கார்ந்தபடியே பார்த்தவர். அவர் கலவை மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் முறை இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஒரு காகிதத்தை நீளவாக்கில் மடித்து, கத்தரியால் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பிரித்துப் பசை தடவிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை என்பது கணக்கு. மறுபக்கத்தில் ஒட்டும் சீட்டில் மருந்தின் பெயருக்கு முன்னால் நோயாளியின் பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கும். எழுத்தறியாத தாய்மார்களும் அந்தக் காகிதப் பல்லைப் பார்த்து அளவு பிசகாமல் கொடுத்தார்கள். இன்னாருக்கு என்று எழுதாத மருந்து எதுவும் அவர் கையை விட்டு வெளியே போனதில்லை.

அந்தப் பழக்கம் என் கண்ணெதிரிலேயே மறைந்தது. கம்பெனிகளின் அட்டை மாத்திரைகள் வந்து குவிந்தன. கலவை மருந்து கரைக்கும் உரலும் ஔன்ஸ் கண்ணாடியும் பரணுக்குப் போயின. அதன் பின் வந்ததுதான் "செட்" என்னும் வழக்கம். காய்ச்சல், சளி, மேல்வலி என்று எவர் வந்தாலும், நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, சிறு காகிதத்தில் மடித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று நீட்டிவிடுவது. அந்தப் பொட்டலத்தில் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு வலி மாத்திரை ஆகியவற்றோடு, உடனே தெம்பு வந்ததாகத் தோன்றச் செய்யும் ஒரு சின்னஞ்சிறு ஸ்டீராய்டு மாத்திரையும் பல இடங்களில் சேர்ந்துகொண்டது. கத்தரித்த துண்டில் பெயர் இராது, தயாரிப்பு எண் இராது, காலாவதித் தேதி இராது. மறுநாள் நோயாளி மயங்கி விழுந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டால், அவர் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்கும்போது, உறவினர்கள் காட்டுவதற்கு ஒரு வெறுங்காகிதம்தான் மிஞ்சும். இவ்வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டதென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

சளி மாத்திரை என்று ஜனங்கள் வழங்கும் பொருள் தனி ஒரு மருந்தன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் இருக்கும். மூக்கில் நீர் ஒழுகுவதை நிறுத்த குளோர்பெனிரமின் அல்லது செட்டிரிசின் இருக்கும். அடைத்த மூக்கைத் திறக்க, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து ஒன்று இருக்கும். சிலவற்றில் காப்பியில் உள்ள கஃபீனும் சேர்ந்திருக்கும். இவற்றில் மூக்கடைப்புக்கான அந்த மூன்றாம் சரக்கின் சரித்திரமே என் தொழில் வாழ்க்கையின் பெரும் பகுதியாகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவ்விடத்தில் இருந்தது பினைல்புரோப்பனோலமின்.

திருமயம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வருவார். வரும்போதெல்லாம் தலைபாரத்துக்கென்று ஒரு அட்டை சளி மாத்திரையும் கேட்டு வாங்குவார். அவருக்குப் பிரஷர் குறையவில்லை என்று டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு நாள் இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது, மற்றொன்று இறுக்குகிறது என்று நான் விளக்கியபோது, "இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே தம்பி" என்றார். சளி மாத்திரையை நிறுத்திய பிறகு அவருடைய பிரஷர் இறங்கியது. டாக்டரும் மாத்திரையின் அளவைக் குறைத்தார். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மூக்கடைப்பு மருந்து சேர்ந்த மாத்திரையைத் தொடலாகாது என்பதை அதன் பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சியில், பினைல்புரோப்பனோலமினை உட்கொண்ட பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுவது தெரியவந்து, 2000ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அதிகாரிகள் இதை விற்பனையிலிருந்து விலக்கும்படி கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார்கள். நம் நாட்டில் மத்திய அரசு தடை விதித்தது 2011 பிப்ரவரியில்தான். அதுவும் அதே ஆண்டின் பிற்பகுதியில் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஆயினும் பெரிய கம்பெனிகள் பலவும் அதற்குள் அதை நீக்கிவிட்டு, பினைலெப்ரின் என்ற வேறொரு சரக்கைச் சேர்த்துக்கொண்டன. பெயர் மாறவில்லை, டப்பாவின் நிறமும் மாறவில்லை. உள்ளே இருந்த மருந்து மட்டும் மாறிவிட்டது. கறம்பக்குடியிலிருந்து வருகிற விவசாயி பழைய பெயரைச் சொல்லிக் கேட்கிறார், பழைய டப்பாவையே வாங்கிப் போகிறார். அவர் விழுங்குவது முந்தைய ஆண்டு விழுங்கிய மருந்தன்று. மருந்தைப் பெயரால் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு இது எவ்வளவு பெரிய அநீதி என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கும்.

2016 மார்ச்சில் ஒரே நாளில் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடைசெய்தது. பெயர்பெற்ற சளி மாத்திரைகளும் அப்பட்டியலில் இருந்தன. அலமாரியிலிருந்து டப்பாக்களை எடுத்து, எண்ணி, மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பக் கட்டிவைத்த வாரத்திலேயே வழக்குகள் தொடங்கின. டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் நிபுணர்களைக் கொண்டு மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156. பாராசிட்டமாலும் குளோர்பெனிரமினும் பினைல்புரோப்பனோலமினும் சேர்ந்த அந்தப் பழைய சரக்கும், செட்டிரிசினோடு பாராசிட்டமாலும் பினைலெப்ரினும் சேர்ந்த சரக்கும் இந்தக் கடைசிப் பட்டியலில் இடம்பெற்றன. இதற்கிடையில், 2023இல், வாய்வழி உட்கொள்ளும் பினைலெப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க நிபுணர் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. குடலும் ஈரலும் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவதால், மூக்கைச் சென்றடைவது சொற்பமே. அடைபட்ட மூக்குக்காகக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மூக்குத் திறந்தது போலிருந்ததற்கு, சளி தானாகவே ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்பதே பெரும்பாலும் காரணம்.

இனிப் பாராசிட்டமாலைப் பற்றி. இதை அபாயமற்ற மருந்தென்று எல்லோரும் நினைக்கிறார்கள். அளவுக்குள் நிற்கும்வரை அந்த எண்ணம் சரியே. 2017இல் டெங்குக் காய்ச்சல் தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்த சமயத்தில், கீரமங்கலம் பக்கம் பூ எடுக்கப் போகும் அம்மாள் ஒருவர், மூன்று கடைகளில் மூன்று நாட்களில் வாங்கிய மருந்துகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து, "இத்தனை தின்னும் மேல்வலி நிக்கலை, வேற நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார். பையைக் கொட்டிப் பார்த்தேன். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை. சளிக்கு வாங்கியதில் 500. மேல்வலி மாத்திரையில் வலிநிவாரணியோடு 325. மூன்றிலும் பாராசிட்டமால். வேளைக்கு 1,475 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார். நாளொன்றுக்கு நான்கு கிராமைத் தாண்டிப் போயிருந்தது. ஆரோக்கியமான, நல்ல எடையுள்ள பெரியவருக்கே நான்கு கிராம்தான் உச்சவரம்பு. மெலிந்த தேகத்துக்கும், குடிப்பழக்கம் உள்ளவருக்கும், ஈரல் கெட்டவருக்கும் அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கவேண்டும். அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். அந்தப் பழுது முதல் நாளில் வெளியே தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரும் அபாயம். போதாக்குறைக்கு, டெங்கு என்று சந்தேகிக்கிற காய்ச்சலில் அந்த வலிநிவாரணி ரத்தக்கசிவுக்கு இடம்கொடுக்கும். மருந்து எதுவும் விற்காமல் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். நான்காவது கடையில் கேட்டிருந்தால் நான்காவதாக ஒரு பாராசிட்டமால் கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

குளோர்பெனிரமின் வேறு வகையில் தீங்கு செய்யும். அது தூக்கத்தை வரவழைக்கும் என்பது பலருக்கும் தெரியும். தெரிந்தும், ராத்திரி லாரியில் ஏறப்போகிற டிரைவர் அதைக் கேட்டு வாங்குகிறார். "வண்டி ஓட்டுறீங்களா அண்ணே?" என்று கேட்காமல் அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. குடித்துவிட்டு இதைப் போட்டுக்கொள்பவரின் நிலைமை இன்னும் மோசம். தூக்கத்தைவிடக் குறைவாக அறியப்பட்ட ஆபத்து ஒன்று உண்டு. பொன்னமராவதிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அதிகாலையில் மகன் ஆட்டோவில் ஏற்றிக் கடை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். "ராத்திரியிலிருந்து ஒண்ணுக்கே போகலைப்பா, வயிறு வெடிச்சிரும் போல இருக்கு" என்று அவர் நெளிந்தார். பிராஸ்டேட் வீக்கம் இருந்தவர். முதல் நாள் மாலை யாரோ சளிக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரையை இரண்டு தடவை போட்டிருக்கிறார். ஏற்கெனவே நெருக்கப்பட்டிருந்த வழி முற்றிலும் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டியூப் வைத்துத்தான் நீரை வெளியேற்றினார்கள். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்கும் இம்மருந்து ஆகாது. அட்டையின் பின்புறத்தில், மருத்துவ மேற்பார்வையின்றி உட்கொள்வது அபாயகரம் என்ற எச்சரிக்கை இத்தகைய மருந்துகளுக்குச் சட்டப்படி அச்சிடப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில்.

மூக்கில் விடும் சொட்டு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விட்ட ஐந்து நிமிஷத்தில் மூக்கு திறந்துவிடும். அந்தச் சுகமே பழக்கமாகிவிடுகிறது. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னிலும் கடுமையாக அடைத்துக்கொள்ளும். மறுபடி மருந்து, மறுபடி அடைப்பு. சட்டைப்பையில் புட்டியில்லாமல் வெளியே கிளம்பாத டீக்கடைக்காரர்களையும் கல்லூரி மாணவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு உப்புநீர்ச் சொட்டைக் கொடுத்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புவதே நான் செய்துவரும் வேலை.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, மின்சாரம் வாரக்கணக்கில் இல்லாமல், ஈரத் துணியோடு ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தபோது, வெளியூர் அன்பர்கள் மருந்துகளை மூட்டை மூட்டையாக அனுப்பிவைத்தார்கள். வடகாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், நாங்கள் சில மருந்தாளுநர்கள் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம். மூட்டைகளில் பாதிக்கு மேல் சளி மாத்திரையும் இருமல் சிரப்பும்தான். அவற்றிலும் கணிசமான பகுதி, பெயர் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரித்து எடுத்த அரை அட்டைகள். நல்ல எண்ணத்தோடு அனுப்பியவை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பெயரும் தேதியும் இல்லாத துண்டு ஒவ்வொன்றையும் தனிச் சாக்கில் போட்டு விலக்கினோம். வெளியே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்த தாய்மார்களுக்கு அது புரியவில்லை, "இருக்கிற மாத்திரையைக் கொடுக்கக்கூடாதா?" என்று ஒருவர் அழுதார். அவருடைய குழந்தைக்கு வயது ஒன்றரை. மூக்கு அடைத்திருந்தது, காய்ச்சல் இல்லை, பால் குடித்தது. காய்ச்சி ஆறவைத்த நீரில் அளவாக உப்பைக் கரைத்து மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினோம். அன்று இரவு அக்குழந்தைக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் என் கட்சி கடுமையானது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தைக் கொடுக்கலாகாது என்றும், அந்த எச்சரிக்கையைப் புட்டியிலேயே அச்சிடவேண்டும் என்றும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. அவ்வுத்தரவு என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இத்தகைய சிரப் ஒன்றால் வந்த விபரீதத்தை 2025இல் நாடே கண்டது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் பார்மா நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் என்ற சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது எஸ்.ஆர்.13 என்ற தொகுப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் ஆலை ரசாயனம் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடுதான். அக்டோபர் தொடக்கத்திலேயே மாநிலத்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நிறுவனத்தின் உரிமமும் அம்மாதமே ரத்தாயிற்று. இதே நஞ்சு கலந்த மருந்தால் 1972இல் சென்னையில் குழந்தைகள் இறந்ததைப் பற்றி என் பழைய முதலாளி சொல்லக் கேட்டிருக்கிறேன். அரை நூற்றாண்டு கடந்தும் கரைப்பான் திரவத்தைச் சோதிக்காமல் சிரப் காய்ச்சும் ஆலை நம் மாநிலத்திலேயே நடந்துவந்தது என்பது பொறுக்கக்கூடியதன்று.

கோல்ட்ரிஃப் செய்தி வெளியான வாரத்தில் தாய்மார்கள் வீட்டிலிருந்த சிரப் புட்டிகளை எல்லாம் கொண்டுவந்து மேஜைமேல் அடுக்கி, "இது அந்த மருந்தா அண்ணே?" என்று கேட்டார்கள். ஒன்றும் அந்த மருந்தாக இல்லை. ஆனால் பல புட்டிகளின் முகப்பில் அதே மூன்று பெயர்கள் இருந்தன: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெப்ரின். கோல்ட்ரிஃபிலும் அவையேதான். நஞ்சு கலந்தது ஆலையின் குற்றம். நஞ்சே கலக்காதிருந்தாலும், சிந்த்வாராவில் இறந்த பச்சிளங் குழந்தைகளில் பலருக்கும், அவர்களுடைய வயதில் அந்தக் கூட்டு மருந்தே கொடுக்கத்தக்கதன்று என்பதைச் செய்தித்தாள்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை. சாதாரணச் சளிக்குக் குழந்தைக்கு வேண்டியது பாலும் கஞ்சியும், உப்புநீர்ச் சொட்டும், காய்ச்சல் இருந்தால் எடைக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் மட்டும், மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ தாமதமின்றி டாக்டரும்தான். ஆவி பிடிப்பது நம் வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். பெரியவர்களுக்கு அது சுகம் தரும். சிறு குழந்தையைக் கொதிக்கும் பாத்திரத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம். வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்ட பிஞ்சுத் தோலை நான் பார்த்திருக்கிறேன்.

வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூக்கு ஒழுகினால் ஒழுகலுக்கான மருந்தை மட்டும், காய்ச்சல் இருந்தால் காய்ச்சலுக்கானதை மட்டும் தனித்தனியே கேளுங்கள். யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால், பெயரும் தேதியும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுக்கும் கடையில் மருந்து வாங்காதீர்கள்.